பெரியவரைக் கண்டால் உடம்பு என்ன செய்யும்?

நம்பிக்கை: மேல், கீழ் என்பது இரத்தத்தில் ஊறியது. பெரிய மனிசரைக் கண்டதும் கை நடுங்குவதும் குரல் இறங்குவதும் அதனால்தான்.

உண்மை: இதற்கு நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளைச் சாட்சிக்கு இழுக்கலாம். ஒன்று காதை மடித்து ஓர் அடி முன்னே வைத்தால் மற்றவை தண்ணீரை விட்டு விலகும். விலகுவது சரி; அதைப் பிறவிக் குணம் என்பதுதான் பிழை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அவிழ்த்துவிட்டு வளர்த்த மட்டக்குதிரைகளைப் பற்றி சூ மக்டொனல் என்ற ஆய்வாளர் 1995இல் எழுதினார். பெண்குதிரைக் கூட்டம் உள்ள ஆண்குதிரையிடம் டெஸ்டோஸ்டிரோன் கூடுதல், தனிக்கட்டைகளிடம் குறைவு. ஆனால் தனிக்கட்டை ஒன்றுக்குக் கூட்டம் அமைந்ததும் அதன் ஹோர்மோனும் ஏறியது.

குரங்குகளில் இது இன்னும் தெளிவு. அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் 45 பெண் ரீசஸ் குரங்குகளை ஐந்தைந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கூட்டத்துக்குள் விட்டார்கள். முந்தி வந்தது பெரும்பாலும் மேலே போனது, பிந்தி வந்தது கீழே நின்றது. அடிமட்டத்தில் நின்றவற்றின் வெள்ளணுக்களுக்குக் கிருமிப் பொருளைக் காட்டினால் அழற்சி கூடுதலாகக் கிளம்பியது. பிறகு கூட்டங்களைக் கலைத்து வரிசையை மாற்றினார்கள். புதிய இடத்துக்கேற்ப மரபணுக்கள் வேலை செய்யும் விதமும் மாறிவிட்டது. 2016இல் வெளிவந்த ஆய்வு இது. அதே குரங்கு, அதே தாய் தகப்பன். நின்ற இடம்தான் வேறு.

குரங்கை வைத்து மனிசரை அளக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நம்முடைய தேநீர்க்கடைகள் இருக்கின்றன.

நம்பிக்கை: அருவருப்பு உடம்பின் இயற்கை. கண்டவர்கள் வாய் வைத்த கோப்பை என்றால் தானாகவே குமட்டும்.

உண்மை: ‘கண்டவர்கள்’ யார் என்பதைக் குமட்டும் வயிறா தீர்மானித்தது? 1960களிலும் யாழ்ப்பாணத்துக் கடைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தேநீர் போத்தலில்தான், அல்லது புறம்பாக வைத்த குவளையில். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய ஒதுக்கலைக் குற்றமாக்கியது. கடைக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போய், பின்னர் கடைகளுக்குள் நுழைந்து அடிபட்டு, சங்கானை போன்ற இடங்களில் இரத்தமும் சிந்திய பிறகே கோப்பை பொதுவானது. குமட்டும் என்று சொன்ன ஊர், கழுவிக் கவிழ்த்த அதே கிளாசில் பிளேன்ரீ குடிக்கப் பழகிக்கொண்டது. (வீட்டுக்குள் செம்பு வேறாக இருக்கும் இடங்கள் இன்னும் உண்டு. அதற்கு வயிற்றைச் சாட்டக் கூடாது.) மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தத் தொட்டால் தீட்டு என்ற உணர்வே இல்லை என்று உளவியலாளர் போல் ரோசினின் சோதனைகள் காட்டின. வளர வளர வீட்டாரின் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளை அதைப் பழகுகிறது.

நம்பிக்கை: மாரடைப்பு பெரிய உத்தியோகத்தரின் வருத்தம்.

உண்மை: 1967இல் லண்டனில் அரச ஊழியர்களிடையே தொடங்கிய வைட்ஹால் ஆய்வில் கடைநிலை ஊழியரின் இதயநோய் மரணவீதம் உச்சியில் இருந்த நிர்வாகிகளின் வீதத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. புகைத்தல், பிரசர், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது. பியோனுக்குத்தான் நெஞ்சு முந்தி அடைத்தது.

நம்பிக்கை: டொக்டர் பார்க்கும்போது கூடும் பிரசர் வெறும் பயம், பொருட்படுத்தத் தேவையில்லை.

உண்மை: கிளினிக் நாளில் பார்த்தால் தெரியும். விடியக் காலையே வந்து வாங்கில் குந்தியிருந்த முதியவருக்கு மிஸ்ஸி பட்டியைக் கட்டும்போது ஓர் எண். உள்ளே கூப்பிட்டதும் செருப்பை வாசலில் விட்டு, சால்வையைத் தோளிலிருந்து எடுத்து, ஸ்டூலின் நுனியில் இருந்தும் இராமலும் இருக்கிறார். டொக்டருக்குப் பேரன் வயது. “சாப்பாட்டில உப்பைக் குறைச்சனீங்களோ ஐயா?” “ஓம் டொக்டர்.” இப்போது எண் வேறு. மிலானில் ஜூசெப்பே மான்சியா குழுவினர் இதை நாடிக்குள் குழாய் வைத்தே அளந்தார்கள். 1983இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, டொக்டர் வந்து பிரசர் பார்த்தபோது மேல் எண் சராசரியாக 27 புள்ளி ஏறியது. சில நிமிடங்களில் உச்சம் தொட்டு, பத்து நிமிடத்துக்குள் இறங்கத் தொடங்கியது. அதே வேலையைத் தாதி செய்தபோது ஏற்றம் ஏறக்குறையப் பாதிதான் என்று 1987இல் எழுதினார்கள். பட்டி ஒன்று, கை ஒன்று. கட்டியவரின் தரம்தான் நாடிக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்காக அந்த ஏற்றத்தைப் பொய் என்று தள்ளவும் முடியாது. இப்படி ஏறுபவர்களில் பலருக்குப் பின்னாளில் நிலையான பிரசர் வருகிறது. ஆகவே நீங்களாகக் குளிசையை நிறுத்தாமல், வீட்டிலும் அளந்து எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து பேசாமல் இருந்து, கால் நிலத்தில் பட, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, காலையும் மாலையும் இரண்டு முறை, ஒரு கிழமைக்கு. தேநீர் குடித்தால் அரை மணித்தியாலம் பொறுங்கள். முதல் நாள் எண்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். புதிதாக வாங்கிய மெஷினும் அன்றைக்கு ஒரு டொக்டர்தான்.