ஒரு சொட்டு இரத்தத்தில் ஒரு விளக்கு

10ஆம் வகுப்பில் இரத்த வகைகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ‘எதிர்ப்பொருள்’ என்று கரும்பலகையில் எழுதியதும் ஒரு மாணவி எழுந்தாள். முந்தைய வாரம் அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. திண்டிவனத்தில் செய்த முதல் இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் மருத்துவர் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தபோது மாரடைப்பு உறுதியானது. உடனே விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். இப்போது நலமாக இருக்கிறார்.

“முதல் தடவை மெஷின் தப்பா காட்டிடுச்சா சார்?” என்று கேட்டாள்.

அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். பிறகு படித்துவிட்டு, அடுத்த வகுப்பில் இரண்டு செயல்பாடுகள் செய்தோம்.

செயல்பாடு 1: ஒரே ஒளி, இரு நிறங்கள்

மஞ்சள்தூளை ஒரு கிண்ணத்திலும், நசுக்கிய கீரையை இன்னொன்றிலும் ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் தெளிவை எடுத்தோம். அறையை இருட்டாக்கி, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச்சை அடித்தோம். மஞ்சள் பசுமை கலந்து ஒளிர்ந்தது; கீரைச் சாறு சிவப்பாக ஒளிர்ந்தது. (டார்ச்சைக் கண்ணில் அடிக்கக் கூடாது. ஸ்பிரிட் அருகே நெருப்பு கூடாது.)

இப்படி ஒளிரும் பொருள்களில் ஒரு வகைதான் குவாண்டம் புள்ளிகள். இவை சில நானோமீட்டர் அளவே உள்ள துகள்கள். ஒரு மில்லிமீட்டரைப் 10 லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். ஒரே பொருளாக இருந்தாலும் சிறிய துகள் நீலமாகவும் பெரிய துகள் சிவப்பாகவும் ஒளிரும். இந்தக் கண்டுபிடிப்புக்காக பவெண்டி, புரூஸ், எகிமோவ் ஆகிய மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சாதாரணச் சாயம் ஒளி பட்டால் விரைவில் மங்கிவிடும். இவை நெடுநேரம் மங்காமல் ஒளிரும். 1998இலேயே உயிரணுக்களில் அடையாளமிட இவற்றைப் பயன்படுத்திக் காட்டினார்கள்.

செயல்பாடு 2: பிடி, கழுவு, எண்ணு

துகளுக்கு நோயைத் தேடத் தெரியாது. தேடுவது எதிர்ப்பொருள், துகள் அது ஏந்திச் செல்லும் விளக்கு மட்டுமே. மாணவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். எனவே நடித்துக் காட்டச் சொன்னேன்.

நான்கு பேர் பெஞ்சில் அமர்ந்தார்கள். அவர்கள் பரிசோதனைப் பட்டையில் ஒட்டியுள்ள எதிர்ப்பொருள்கள். முக்கோண அட்டை வைத்திருப்பவர்கள் ட்ரோபோனின். இதயத் தசை சிதையும்போது இரத்தத்தில் கலக்கும் புரதம் இது. வட்ட அட்டைக்காரர்கள் மற்ற புரதங்கள். டார்ச் வைத்திருப்பவர்கள் துகளை ஏந்திய இரண்டாவது எதிர்ப்பொருள்கள். பெஞ்சில் இருப்பவர் முக்கோணத்தின் ஒரு கையை மட்டுமே பிடிக்கலாம். டார்ச்காரர் அதன் மறு கையைப் பிடிக்க வேண்டும். “கழுவு!” என்றதும் கைகோக்காத எல்லோரும் வெளியேற வேண்டும். மிஞ்சிய டார்ச்சுகளை எண்ணினால் புரதத்தின் அளவு தெரியும்.

அடுத்த சுற்றில் ஒரே ஒரு முக்கோணத்தை மட்டும் அனுப்பி, டார்ச்காரரிடம் மங்கலான டார்ச்சைக் கொடுத்தேன். கடைசி பெஞ்சில் இருந்தவர்களுக்கு வெளிச்சம் தெரியவில்லை. பளிச்சென்ற டார்ச்சை மாற்றிக் கொடுத்ததும் தெரிந்தது.

அந்த மாணவியே பதில் சொன்னாள்: “மெஷின் தப்பு இல்ல சார். அப்போ அப்பா ரத்தத்துல அது கொஞ்சமாத்தான் வந்திருக்கும்.”

அதேதான். ட்ரோபோனின் கண்டறியும் அளவுக்குக் கூடச் சில மணி நேரம் ஆகலாம். விளக்கு பிரகாசமாக இருந்தால் குறைந்த அளவையும் முன்கூட்டியே காண முடியும். ஒளிரும் துகள்களை ஆய்வாளர்கள் நாடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். குவாண்டம் புள்ளிகள் பலவற்றில் நச்சுத்தன்மையுள்ள காட்மியம் இருப்பதால், அது இல்லாத துகள்களையும் உருவாக்கி வருகிறார்கள்.

வகுப்பு முடியும்போது மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிய வரி இது: “ஒளி தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று பொருளல்ல, மருத்துவர் இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும்.” தேர்வில் இந்த வரி வராமல் போகலாம். நெஞ்சுவலியோடு வீட்டுக்குக் கிளம்பத் துடிக்கும் ஒருவரை நிறுத்த, வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.