"யாராவது" என்று ஒருவர் இல்லை



சென்ற ஆண்டு பள்ளி திறந்து வந்த முதல் சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு எங்கள் வட்டார ஆலய மண்டபத்தின் முன் எஸ்.பி.எம். மாணவர்கள் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். கதவு பூட்டியிருந்தது. "அண்ணே, டியூஷன் இருக்கா இல்லையா?" என்று ஒரு தம்பி கேட்டான். இளைஞர் பகுதியின் செயலாளர் நான்தான். என்னிடம் பதில் இல்லை.

நடந்தது இதுதான். இலவச வகுப்புக்கு மண்டபம் வேண்டுமென்றால் ஆண்டு இறுதியில் ஆலய நிர்வாகத்திடம் கடிதம் கொடுக்க வேண்டும். முந்தைய செயலாளர் அக்கா அதைத் தவறாமல் செய்து வந்தார். வேலை கிடைத்து அவர் ஜொகூருக்குப் போனதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடிதத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புலனக் குழுவில் தலைவர், "மண்டபத்த யாராவது பாத்துக்குங்க" என்று போட்டிருந்தார. பதினான்கு பேர் கட்டைவிரலைக் காட்டினோம். ஒருவரும் போகவில்லை.

வகுப்பு மீண்டும் தொடங்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் எட்டு மாணவர்கள் நின்றுவிட்டார்கள். அவர்கள் வீடுகளுக்குப் போய்ப் பேசினோம். ஒரு அம்மா சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது: "உங்கள நம்பித்தான்பா வேற எங்கயும் சேர்க்கல."

எங்கள் குழுவில் பதினெட்டு பேர்தான். இதையே எங்களால் ஒழுங்காக நடத்த முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் நான் மாணவர் உறுப்பினராக இருக்கும் ஐ.இ.இ.இ. அமைப்பில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். மின், மின்னணுப் பொறியாளர்களின் இந்த அமைப்பு, 1884இலும் 1912இலும் தோன்றிய இரண்டு சங்கங்கள் 1963இல் ஒன்றானதால் உருவானது. இவ்வளவு பெரிய அமைப்பு எப்படி ஓடுகிறது என்று பார்த்தேன். நமக்குப் பயன்படும் நான்கு பாடங்கள் கிடைத்தன.

பாடம் 1: உத்தரவு போட முடியாத தலைமை

நம் நாட்டில் பொறியாளர்களைப் பதிவு செய்வது மலேசியப் பொறியாளர் வாரியம். அதற்கு 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதிகாரம் உண்டு. 1959இல் தோன்றிய மலேசியப் பொறியாளர் கழகம் வேறு வகை. அது உறுப்பினர்கள் விரும்பிச் சேரும் சங்கம். வாரியத்தின் சொல்லுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. சங்கத் தலைவரின் சொல்லுக்குப் பின்னால் உறுப்பினரின் விருப்பம் மட்டுமே நிற்கிறது.

நம் இளைஞர் பகுதியும் அப்படித்தான். யாருக்கும் சம்பளம் இல்லை. வராதவரை வேலையை விட்டு நீக்கவும் முடியாது. ஏன் செய்ய வேண்டும், யார் செய்வது, எப்போதைக்குள் என்று தெளிவாகச் சொன்னால்தான் வேலை நடக்கும். தகவலை ஒழுங்காகச் சொல்வதே இங்கே தலைமையின் பாதி வேலை.

பாடம் 2: ஒவ்வொரு படியிலும் ஒரு பெயர்

ஐ.இ.இ.இ.யில் மாணவர் கிளை அடிப்படி. அதற்கு ஒரு மாணவர் தலைவரும், ஆலோசகராக ஒரு விரிவுரையாளரும் உண்டு. அதற்கு மேல் மலேசியப் பிரிவு. அதற்கும் மேல் ஆசிய பசிபிக் நாடுகளுக்கான பத்தாம் வட்டாரம். வட்டார இயக்குநர் உலக இயக்குநர் அவையில் உட்காருகிறார். கிளையில் ஒரு சிக்கல் என்றால் அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மேலிருந்து வரும் செய்தியும் அதே படிகளில்தான் இறங்குகிறது.

எங்கள் குழுவில் "யாராவது" என்று ஒருவர் இருப்பதாக நினைத்துக்கொண்டோம். அப்படி ஒருவர் உறுப்பினர் பட்டியலிலேயே இல்லை!

பாடம் 3: முன்னவரும் பின்னவரும் சேர்ந்தே இருப்பது

இந்தப் பாடம்தான் எனக்கு அதிகம் சுட்டது. ஐ.இ.இ.இ. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் உடனே நாற்காலியில் உட்காருவதில்லை. முதல் ஆண்டு 'அடுத்த தலைவர்', இரண்டாம் ஆண்டு தலைவர், மூன்றாம் ஆண்டு 'முன்னாள் தலைவர்'. மூன்று ஆண்டும் அவருக்குப் பொறுப்பு உண்டு. எந்த நேரத்திலும் கற்றுக்கொள்பவர், நடத்துபவர், நினைவில் வைத்திருப்பவர் என மூவர் ஒன்றாக இருப்பார்கள்.

எங்கள் அக்கா போனபோது அவருடைய நினைவும் அவரோடு ஜொகூருக்குப் போய்விட்டது. தவறு அவருடையது என்று சொல்லமாட்டேன். அதை வாங்கி வைக்க எங்களிடம் ஒரு ஏற்பாடும் இருக்கவில்லை.

பாடம் 4: கூட்டத்துக்கு ஒழுங்கு, முடிவுக்கு எழுத்து

முன்மொழிதல், வழிமொழிதல் எல்லாம் வெறும் சடங்கு என்று நினைத்திருந்தேன். ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளரின் கதையைப் படித்த பிறகு எண்ணம் மாறியது. 1863இல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் அவர் கையை மீறிப் போனது. அந்த வெட்கத்தில் கூட்ட முறைகளைப் படிக்கத் தொடங்கியவர், 1876இல் கூட்ட விதிகளைப் புத்தகமாகவே வெளியிட்டார். இன்றும் பல சங்கங்கள் அதைப் பின்பற்றுகின்றன. ஒரு நேரத்தில் ஒரு தீர்மானம்தான். இன்னும் பேசாதவர் பேச விரும்பினால், ஏற்கெனவே பேசியவர் காத்திருக்க வேண்டும். குரல் பெரியவர்கள் மட்டும் பேசும் கூட்டங்களுக்கு இது நல்ல மருந்து.

நம் மரபிலும் இதற்குச் சான்று உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், உத்திரமேரூர் ஊர்ச்சபையின் குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. பதவிக் காலம் 360 நாள். யாருக்கு நிலமும் கல்வியும் இருந்தால் இடம் என்ற அன்றைய தகுதி விதிகளை இன்று நாம் ஏற்க முடியாது. ஆனால் விதியை ஒருவர் மனதில் வைக்காமல், எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைத்தார்களே, அது நமக்குப் பாடம்.

இன்று நம் பதிவு பெற்ற சங்கங்களையும் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் கேட்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவதிகாரிக்கு அனுப்ப வேண்டும்.

நாங்கள் மாற்றியது

கூட்டக் குறிப்பில் இப்போது மூன்று கட்டங்கள்: என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதி. புலனத்தில் கட்டைவிரல் செல்லாது. பொறுப்பேற்பவர் தன் பெயரை எழுத வேண்டும். துணைச் செயலாளர் அடுத்த ஆண்டின் செயலாளராக இப்போதே பழகுகிறார். ஆண்டு முழுதும் எந்த மாதம் எந்தக் கடிதம், யாரிடம், எந்தத் தொலைபேசி எண் என்று ஒரு கோப்பு வைத்திருக்கிறோம். அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கேட்டு எழுதியது அது. "இதெல்லாம் முன்னாடியே கேட்டிருக்கலாமேடா" என்று சிரித்தார்.

இந்த முறை மண்டபக் கடிதம் அக்டோபரிலேயே போய்விட்டது. கொடுத்தது நான் இல்லை, துணைச் செயலாளர் தங்கைதான். நின்றுபோன எட்டுப் பேரில் மூவர் திரும்பி வந்தார்கள். ஐந்து பேர் வரவில்லை. அந்த ஐந்து பேரின் கணக்கை நான்தான் காட்ட வேண்டும்.

உங்கள் கிளையில் பேசிப் பாருங்கள்

1. உங்கள் செயலாளர் நாளைக்கே வெளியூர் போனால் எந்த வேலை நின்றுபோகும்?
2. கடைசிக் கூட்டத்தில் எடுத்த முடிவுகளில் எத்தனைக்கு ஒரு பெயரும் ஒரு தேதியும் இருக்கின்றன?
3. உங்கள் இடத்துக்கு அடுத்து வரப்போகிறவர் யார்? அவருக்கு இந்த வாரம் என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அதையே வையுங்கள்.