எட்கர் கப்லான்

கேள்வி: பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் எட்கர் கப்லானின் சிறப்பு என்ன?

பதில்: 1925இல் பிறந்த அமெரிக்கரான கப்லான், நார்மன் கேயுடன் பல்லாண்டுகள் இணைந்து ஆடிப் பல தேசியப் பட்டங்களை வென்றதோடு, எத்தனை பிடிகள் எடுக்க இயலும் என்று இணையர் அறிவிக்கும் கட்டமாகிய ஏலத்திற்கு ஆல்ஃப்ரெட் ஷைன்வோல்டுடன் சேர்ந்து ஒரு முறையையும் வகுத்தார். ‘பிரிட்ஜ் வேர்ல்ட்’ இதழை முப்பது ஆண்டுகள் நடத்தியதும் பெரும்பணியே. எனினும், அவற்றினும் மேலானது விதியாக்கமே: ஒரே சீட்டுப் பங்கீட்டைப் பல மேசைகளில் ஆடி ஒப்பிடும் டூப்ளிகேட் பிரிட்ஜின் விதிகளை, தவறியவரைத் தண்டிப்பதைவிட எதிரணிக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்வதே முதன்மை என்னும் நோக்கில் சீரமைத்தவர்களுள் அவரே தலையாயவர். அவர் 1997இல் மறைந்தார்.