சட்டை சொல்லும் வரலாறு

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் தமிழக ஆண்கள் உடுத்திய உடைகளை ஆராய்ந்தால், இப்பழமொழி அழகை மட்டும் குறிப்பதன்று என்பது புலனாகும்.

அந்நாளில் படித்து உத்தியோகம் பார்த்தவர்களில் பலர் இடுப்பில் பஞ்சகச்சமும், மேலே கழுத்துவரை பித்தான் போட்ட கோட்டும், தலையில் தலைப்பாகையும் அணிந்தனர். மேலை நாட்டுக் கோட்டு உடம்பில் ஏறிய பின்னும் தலைப்பாகைக்குள் குடுமி இருந்தது. பழமையும் புதுமையும் ஓருடலில் குடியிருந்த காலம் அது எனலாம். கணித மேதை இராமானுஜன் 1914 மார்ச் 17ஆம் நாள் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அதற்கு முன் அவருடைய குடுமி நீக்கப்பட்டது. வேட்டியை விட்டுக் கால்சட்டைக்கும் பூட்ஸுக்கும் அவர் பழக வேண்டியதாயிற்று. வயலில் உழைத்தவர்களுக்கோ கோவணமும் ஒரு துண்டுமே உடை.

அந்த ஏழைகளின் நிலை கண்டுதான் காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் அரையாடைக்கு மாறினார். முழுக் கதராடை வாங்க வசதியற்ற மக்களோடு தாமும் ஒருவராக இருக்க விரும்பினார். அது, இருந்ததைத் தாமே துறந்த தியாகம்.

துறப்பதற்கே ஒன்றும் இல்லாதவர்களின் கதை வேறு. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. கிராப்பு வெட்டிக்கொள்ளக்கூடாது என்பவை அவற்றுள் சில. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. இதனை 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் பதிவு செய்துள்ளார். ஒருவருக்கு நாகரிகமாக இருந்த கிராப்பு, மற்றொருவருக்குக் குற்றமாயிற்று!

1931இல் இலண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் காந்தியடிகள் அரையாடையுடன் அமர்ந்திருந்தார். டாக்டர் அம்பேத்கர் கோட்டும் சூட்டும் அணிந்து வந்திருந்தார். ஒரே மண்டபத்தில் இருவேறு உடைகள். மேலே கண்ட தடைகளை அறிந்தவர்கள், அம்பேத்கரின் கோட்டை ஆடம்பரம் என்று சொல்லத் துணியமாட்டார்கள். அது உரிமையின் அடையாளம்.

அண்ணாகிராமம் போன்ற ஊர்ப்புறங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் நம்மில் பலர், என்னைப் போலவே, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். காலையில் சட்டைப் பித்தானைப் போடும்போது எந்த எண்ணமும் நமக்குத் தோன்றுவதில்லை. அந்தக் கவலையின்மை முன்னோர் பட்ட பாட்டால் கிடைத்தது.

நண்பர்களே! இந்த விடுமுறையில் நம் வீட்டுப் பெரியவர்களிடம், அவர்களுடைய தந்தையும் பாட்டனும் முதன்முதலில் எப்போது சட்டை போட்டார்கள் என்று கேட்டு எழுதி வைப்போம். நம் பாடநூல்களில் இல்லாத வரலாறு அதில் கிடைக்கும்.