உப்புப் பரலும் போரான் கூண்டும்

ஆறுமுகநேரி உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பில் ஒரு பரலை எடுத்துப் பூதக்கண்ணாடியால் நோக்குவோமாயின், அதன் முகங்கள் செங்கோணத்தில் சந்திப்பதைக் காண்போம். உள்ளே சோடியமும் குளோரினும் மாறிமாறி அணிவகுத்து நிற்பதே அதற்குக் காரணமென்பதை 1913-ஆம் ஆண்டில் பிராக் தந்தையும் மைந்தரும் எக்ஸ் கிரணங்களால் விளக்கினர்.

இதனினும் விந்தையான கனசதுரமொன்று உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் சீரியம், லந்தானம் முதலிய அபூர்வ மண் உலோகங்கள் மிகுதியாகவும், கடோலினியம் சிறிதளவும் உள. இவ்வுலோக அணு ஒன்றுடன் போரான் அணுக்கள் ஆறு சேர்ந்தது ஹெக்ஸாபோரைடு. ஆறு போரான்களும் ஓர் எண்முகியாகக் கூடுகின்றன. அத்தகைய எண்முகிகள் எட்டு, கனசதுரத்தின் எட்டு மூலைகளில் நிற்க, உலோக அணு நடுவே வீற்றிருக்கிறது. கால்சியம் ஹெக்ஸாபோரைடில் இவ்வமைப்பைப் பாலிங்கும் வைன்பாமும் 1934-இல் ஆராய்ந்துரைத்தனர். கனசதுரத்தின் பக்கம், ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடி கூறாக்கினால் அவற்றுள் ஏறக்குறைய 4 கூறு.

போரான் கூண்டு உறுதியானது. ஆயினும் கடோலினியத்திற்கு அது சற்றே பெரிது. விசாலமான வீட்டில் தனித்துக் குடியிருப்பவனைப் போல அவ்வணு எளிதில் அசைகின்றது. இதனை வாசகர் நினைவில் இருத்துக.

ஸ்படிகங்களின் காந்த குணத்தை அளப்பதில் நம்மவர்க்கும் பங்குண்டு. வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்ற கே. எஸ். கிருஷ்ணன், ஸ்படிகத்தை நுண்ணிழையில் தொங்கவிட்டு, அதன் காந்த குணம் திசைக்குத் திசை வேறுபடுவதை அளந்தார். நாம் கூறவந்த பொருள் அவர் ஆராய்ந்ததன்று. வழி அத்தகையோர் வகுத்ததே.

கடோலினியம் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். சாதாரண உஷ்ணத்தில் இக்காந்தங்கள் திசையின்றித் தடுமாறும். சுமார் 15 கெல்வின், அதாவது பூஜ்யத்திற்குக் கீழ் 258 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்வித்தால் திடீரென ஒழுங்குபடுகின்றன. ஒரு வரிசையில் இரண்டு மேல்நோக்கியும் அடுத்த இரண்டு கீழ்நோக்கியும் நிற்பதாகக் கொள்வோம். இவ்வொழுங்கு நான்கு அறைக்கு ஒருமுறை திரும்பும். அயலாரைப் பாருங்கள்: ஒத்த ஜோடி, மாறுபட்ட ஜோடி, மீண்டும் ஒத்த ஜோடி, மீண்டும் மாறுபட்ட ஜோடி. ஒத்த ஜோடிக்கு இருக்கும் விசை வேறு, மாறுபட்ட ஜோடிக்கு வேறு. ஆதலின் அணுக்கள் நடுவிடம் விட்டுச் சிறிது பெயர்ந்து, ஒரு ஜோடி நெருங்க, அடுத்த ஜோடி விலகுகிறது. இப்பெயர்ச்சி இரண்டு அறைக்கு ஒருமுறையே திரும்பும். காந்தங்களையெல்லாம் தலைகீழாக்கினும் அது மாறுவதில்லை.

இது வெறும் ஊகமன்று. குளிர்ந்த ஸ்படிகத்தின் எக்ஸ் கிரணப் படத்தில், முன்பில்லாத மங்கிய புள்ளிகள் தோன்றுகின்றன. நியூட்ரான்களால் ஆராய்வது கடினம். கடோலினியமும் போரானும் அவற்றைப் பெரிதும் விழுங்கிவிடும்.

சீரியம் ஹெக்ஸாபோரைடின் கதை வேறு. கடோலினியத்தின் காந்த எலெக்ட்ரான்கள் ஏழும் உருண்டையாய்ப் பரவியவை, சீரியத்தினது அவ்வாறன்று. அதனால் அங்கே சுமார் 3 கெல்வினில் எலெக்ட்ரான் முகிலின் வடிவமே முதலில் ஒழுங்குபட்டு, ஏறக்குறைய 2.3 கெல்வினிலேதான் காந்தங்கள் அணிவகுக்கின்றன.