கொடுத்தனுப்பும் கடிதம் யார் கையில்?

மேலப்பாளையத்தில் ஒரு தாய் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். துபாயிலிருந்து விடுப்பில் வந்த அவர்களுடைய மகன், தாயின் கைப்பேசியில் வி.பி.என். என்னும் இலவசச் செயலி ஒன்றை ஏற்றிவிட்டு, "உம்மா, இனி யாரும் நம்மை எட்டிப்பார்க்க முடியாது, காசும் கிடையாது" என்று சொல்லிப் போனாராம். "காசு வாங்காமல் நமக்குக் காவல் இருக்கிறவன் யார்?" என்பதுதான் அத்தாயின் கேள்வி. மகன் அனுப்பும் பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கும், பேத்திமார்களின் படங்களும் அதே கைப்பேசியில்தான் இருக்கின்றன. ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நம் வட்டாரத்து ஆண்கள் வளைகுடா நாடுகளுக்குச் சம்பாதிக்கப் போன தொடக்க காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தபாலில் கடிதம் வரும். தபால்காரர் உறையைப் பிரிக்கமாட்டார். ஆனால் யாருக்கு, எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியும். ஊருக்கு வருகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்பினாலோ தபால்காரருக்கு ஒன்றும் தெரியாது, கொண்டுவருபவருக்குத் தெரியும்.

இணையமும் இப்படியே. வங்கிகளும் பெரும்பாலான தளங்களும் இன்று செய்தியைப் பிறர் படிக்க முடியாத குறியீடாக மாற்றி, அதாவது உறையிலிட்டே அனுப்புகின்றன. நமக்கு இணைப்புத் தரும் நிறுவனத்திற்கு உறைக்குள் இருப்பது தெரியாது. எந்தத் தளத்திற்குப் போகிறோம் என்பது தெரியும். வி.பி.என். செய்வது யாதெனில், அந்த உறையை மற்றோர் உறைக்குள் இட்டு முதலில் தன் கணினிக்கு வரவழைத்து, அங்கிருந்து உரிய இடத்திற்கு அனுப்புவதாகும். ரயில் நிலையத்திலோ லாட்ஜிலோ, முன்பின் அறியாதவர் தரும் வைஃபையில் இதனால் பயன் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பார்க்கிற கண் இல்லாமல் போகவில்லை. இணைப்பு நிறுவனத்தின் கண்ணிலிருந்து மறைந்து, வி.பி.என். நடத்துபவரின் கண்முன்னே வந்து நிற்கிறோம். அவரிடம் ஒப்படைப்பது நம் அமானிதம்.

அவர் அதை எப்படி வைத்துக்கொள்வார்? ஒனாவோ என்ற இலவச வி.பி.என். செயலியின் கதையைக் கேளுங்கள். 2013ஆம் ஆண்டு ஃபேஸ்புக் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. உங்கள் விவரங்களைப் பாதுகாக்கும் என்று சொல்லியே மக்களிடம் கொடுக்கப்பட்ட அச்செயலி, அவர்கள் வேறு எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஃபேஸ்புக்கின் வியாபாரத்திற்காகத் திரட்டிக் கொடுத்தது. 2018இல் ஆப்பிள் நிறுவனத்தின் கடையிலிருந்து அது நீங்கியது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி டாலர் அபராதம் விதித்தது. அத்தாயின் சந்தேகம் எவ்வளவு நியாயமானது என்று பாருங்கள்!

இன்னொரு செய்தி நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது. தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும் 'முஸ்லிம் புரோ' செயலியைக் கோடிக்கணக்கானோர் வைத்திருந்தனர். அதிலிருந்து அவர்களின் இருப்பிட விவரம் எக்ஸ்-மோடு என்ற அமெரிக்க நிறுவனத்திற்குப் போனது. அந்நிறுவனத்திடம் விவரங்களை வாங்கியோரில் அமெரிக்க ராணுவ ஒப்பந்தக்காரர்களும் இருந்தனர் என்று 2020 நவம்பரில் மதர்போர்டு என்னும் செய்தித்தளம் வெளியிட்டது. செயலியை நடத்துவோர் அத்தொடர்பை முறித்துக்கொள்வதாக உடனே அறிவித்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, இதை எந்த வி.பி.என்.னும் தடுத்திருக்காது என்பதே. இருப்பிடத்தைச் சொன்னது நம் கைப்பேசிதான். செயலியை ஏற்றும்போது 'அனுமதி' என்று அழுத்தியதும் நாம்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுவோம். இந்தியாவில் வி.பி.என். பொதுவாகக் குற்றமல்ல. ஆயினும் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டுமென்று 2022 ஏப்ரலில் மத்திய அரசு ஆணையிட்டது. அதற்கு உடன்படாமல் சில வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கிருந்த கணினிகளையே எடுத்துக்கொண்டு போயின. ஐக்கிய அரபு அமீரகத்திலோ, இணைய முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் சிறை, அல்லது 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம். அனுமதியில்லாத அழைப்புச் செயலியில் ஊருக்குப் பேசுவதற்காக வி.பி.என். போடும் பிள்ளைகளிடம் வீட்டார் இதைச் சொல்ல வேண்டும். அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகள் இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

வெளியாரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். துருவித் துருவி ஆராய வேண்டாம் என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனக் கட்டளை வீட்டுக்குள்ளும் உண்டல்லவா? வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியிருப்பதாக புகாரியில் வருகிறது. மருமகள் தொழப் போயிருக்கும் நேரத்தில் அவளுடைய வாட்ஸ்அப்பைத் திறந்து பார்ப்பதற்கு எந்தச் செயலியும் மறைப்புப் போடாது.

மகனிடம் பேசிய பிறகு, அந்தச் செயலியை அத்தாயின் கைப்பேசியிலிருந்து நீக்கினோம். கைப்பேசி அமைப்புகளில் எந்தெந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி உள்ளது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தொழுகை நேரச் செயலிக்கு அதை மறுத்துவிட்டு, திருநெல்வேலி என்று ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்தோம். நேரம் சரியாகவே காட்டியது. இனி கிப்லா திசை காட்டாதே என்று நாம் தயங்கியபோது அத்தாய் சிரித்துவிட்டார்கள். "நாற்பது வருஷமாக இந்த வீட்டில் தொழுகிறேன், எனக்குத் தெரியாதா கிப்லா எந்தப் பக்கமென்று?"