சீனியரைத் தேடும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ சட்டப் படிப்பில் பாஸான சந்தோஷத்தை உன் அப்பா போனில் சொன்னான். மதுரையிலும் சென்னையிலும் பல வக்கீல் ஆபீஸ்களுக்கு பயோடேட்டா அனுப்பியும் ஒருவரும் பதில் போடவில்லை என்று நீ சோர்ந்து கிடப்பதாகவும் சொன்னான். சோர்ந்துபோக இதில் ஒன்றும் இல்லை. பெரிய சட்ட நிறுவனங்கள் வேறு. நம் பக்கத்து ஆபீஸ்களில் ஈமெயில் பார்த்து ஜூனியர் எடுப்பது அபூர்வம். கோர்ட்டில் கண்ணில் பட்ட பிள்ளையைத்தான் எடுப்பார்கள்.

என்னிடமே சேர்த்துக்கொள்ளச் சொல்கிறான் உன் அப்பா. அது வேண்டாம். அத்தையிடம் வந்தால் நான் உன்னைக் கண்டிக்கத் தயங்குவேன், நீ சம்பளம் கேட்கத் தயங்குவாய். இரண்டுமே உனக்கு நல்லதில்லை.

முதலில் பார் கவுன்சிலில் என்ரோல்மெண்டை முடித்துவிடு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புப்படி, பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். முத்திரைத் தீர்வை தவிர, வேறு பெயர் சொல்லி அதற்கு மேல் வாங்கக் கூடாது. அகில இந்திய பார் தேர்வையும் தள்ளிப்போடாதே. உனக்கு நீதிபதி ஆகும் ஆசை இருப்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று ஆண்டு வக்கீல் தொழில் கட்டாயம். அந்த மூன்று ஆண்டு, தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். நீதிபதியிடம் லா கிளார்க்காக இருந்த காலமும் சேரும். ஆனால் கம்பெனியில் முழுநேரச் சம்பளத்துக்குப் போனால், பார் கவுன்சில் விதிப்படி அந்தக் காலத்தில் வக்கீல் தொழில் செய்ய முடியாது. உன் தோழி போகிற கம்பெனி வேலை நல்ல வேலைதான். நீ போக நினைக்கும் பாதைக்கு அது ஒத்துவராது.

இனி சீனியர் விஷயம். பேர் பெற்றவர் யார், கார் பெரிதாக வைத்திருப்பவர் யார் என்று விசாரிக்காதே. மாவட்ட நீதிமன்றத்தில், சாட்சி விசாரணை நடக்கும் ஹாலில் போய் பின் பெஞ்சில் உட்கார். குறுக்கு விசாரணையில் சீனியர் கையை நீட்டியதும் ஜூனியர் ஏ3 ஆவணத்தை எடுத்துக் கொடுக்கிறாளா என்று கவனி. கொடுத்தால், அந்த ஆபீஸில் முதல் நாள் ராத்திரியே வழக்குக் கட்டைப் பிரித்து இருவரும் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கொடுக்க முடியாமல் அவள் தடுமாறினால், அப்போது சீனியரின் முகத்தைப் பார். நீதிபதியிடம் ஒரு நிமிடம் கேட்டு வாங்கி, தானே தேடி எடுத்துத் தொடர்கிறவரிடம் நீ தைரியமாகப் போய்ச் சேரலாம். ஹால் முழுக்கக் கேட்கும்படி அவளை ஏசுகிறவரிடம், அவர் எவ்வளவு பெரிய சட்டப்புலியாக இருந்தாலும், போகாதே. பயத்தில் வேலை கற்றவர்களை நான் பார்த்ததில்லை.

அதோடு, அவருடைய ஜூனியர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்றும் பார். வாய்தா வாங்குவதும், நகல் மனு போடுவதும், கட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டு கோர்ட்டாக ஓடுவதும் முதல் சில மாதம் எல்லோரும் செய்வதுதான். இரண்டு வருஷம் கழித்தும் அதையே செய்கிற ஜூனியர் இருந்தால், அந்த ஆபீஸில் பிராது எழுத யாருக்கும் கற்றுத்தருவதில்லை. இடைக்கால மனுக்களில் ஜூனியரை எழுந்து பேசவிடுகிறாரா என்பதும் நல்ல அடையாளம்.

உனக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலேயே நேராகத் தொடங்க ஆசை. 2004-இல் அது திறந்ததிலிருந்து தென் மாவட்டப் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவு, மறுக்கவில்லை. ஆனாலும் ரிட் மனுக்களில் பெரும்பாலும் சாட்சியே இருக்காது. முதல் மூன்று வருஷத்தையாவது முன்சீப், சப் கோர்ட்டுகளில் கழி என்பேன். சாட்சியைக் கூண்டில் பார்க்காதவருக்கு அப்பீலில் பதிவுகளைப் படிக்க வராது.

சம்பளம் கேட்க வெட்கப்படாதே. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து 2024-இல் நம் மாநில பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்சம். எல்லா ஆபீஸிலும் இது கிடைக்கும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. கேட்காதவளுக்கு மட்டும் நிச்சயம் கிடைக்காது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தாக்குப்பிடிக்கிற தொழிலாக இது ஆகிவிடக் கூடாது என்பதில் எனக்கு உண்மையான கவலை உண்டு. தொழில் கற்றுத்தர யாராவது உன்னிடம் பணம் கேட்டால் உடனே எழுந்து வந்துவிடு. பயிற்சிக்குப் பணம் வாங்குவதை பார் கவுன்சில் விதி 45 தவறு என்கிறது.

பெண் பிள்ளையாக இன்னொரு விசாரணையும் உனக்கு உண்டு. அந்த ஆபீஸை விட்டு விலகிய பெண் ஜூனியர்களைத் தேடிப் பேசு. ஏன் விலகினார்கள், மாலை எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்புவார்கள், கட்சிக்காரர்களுடன் தனியாக உட்கார வைத்தார்களா என்று கேள். இப்போது அங்கே இருப்பவர்கள் சொல்லத் தயங்குவதை அவர்கள் சொல்வார்கள்.

சீனியர் அமையத் தாமதமானால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸிலும் விசாரித்துப் பார். கிரிமினல் வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக முழுநேர உதவிச் சட்ட ஆலோசகர்களை எடுக்கிறார்கள். மூன்று ஆண்டுக்குக் குறைவான அனுபவம் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். அங்கே ஜாமீன் மனுவும் ரிமாண்டும் முதல் வாரத்திலேயே உன் கைக்கு வரும்.

பயோடேட்டா அனுப்புவதைக் கொஞ்சம் நிறுத்து. திங்கட்கிழமை காலை பத்தரைக்கு முன்பே பாளையங்கோட்டை கோர்ட்டுக்குப் போய் உட்கார். ஒரு வாரம் பார்த்துவிட்டு, உனக்குப் பிடித்த மூன்று பேரின் பெயரை எனக்கு எழுது. அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன். சிபாரிசு மட்டும் செய்ய மாட்டேன். நீயே போய்க் கேள்.

அன்புடன்,
அத்தை